வேன் அக்காவும் புதன்கிழமை ரொட்டியும்

வேன் அக்கா தக்காளிக் கூடைக்குள் பாதி முகத்தைப் புதைத்து முகர்ந்துகொண்டிருந்தார். மேல் வரிசையில் இருந்த பழங்கள் சிவப்பாக, வழவழவென்று, விளம்பரத்தில் வருகிற மாதிரி இருந்தன. அவர் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, பின்வாசலில் நின்ற கடைக்காரரிடம் நீட்டினார். அது அவர் விரலிடுக்கில் ஒழுகியது. “மேல இருக்கிறது சிரிக்குது, அடியில இருக்கிறது அழுவுது. இத யாரு சாப்பிடணும்னு குடுக்கிறீங்க?”

“சும்மாதானக்கா குடுக்கிறோம்” என்றார் கடைக்காரர். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது.

“சும்மா வந்ததா, காசு குடுத்து வாங்கினதான்னு வயித்துக்குத் தெரியுமா? ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.” கூடையைக் கவிழ்த்து, நல்லதை ஒரு பக்கமும் அழுகலை ஒரு பக்கமுமாகப் பிரித்து, அழுகலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். தினமும் ஏதாவது ஒரு பின்வாசலில் இது நடக்கும்.

அந்த வட்டாரத்து உணவு வங்கிக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். கடைகளில் விற்காமல் தங்கிப்போன ரொட்டி, நாள் நெருங்கிவிட்ட பால், அடிபட்ட ஆப்பிள், நெளிந்த டப்பா, தோட்டங்களில் அளவு சிறுத்ததால் லாரி ஏறாத கேரட் எல்லாவற்றையும் வாசல் வாசலாகப் போய் அள்ளிக்கொண்டு வந்து கிடங்கில் இறக்குவார். சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வந்து வாங்கிப் போகும். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான உடம்பு. சீட்டில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கொண்டையும் இரண்டு கண்களும் மட்டும் தெரியும். அந்தக் கண்களைப் பார்த்தே சிலர் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள்.

இதற்கு முன் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பின்கதவைச் சாத்துவதற்கு முன், அடுக்கியிருக்கிற பெட்டிகளைப் பார்த்து, “எல்லாரும் ஏறியாச்சா? கை காலை உள்ள வைங்க” என்பார். திருப்பத்தில் பால் பெட்டி சரிந்தால், “யாரது பின்னாடி, சும்மா இருக்க மாட்டியா” என்று கண்ணாடியைப் பார்த்து அதட்டுவார். பெட்டிகளும் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அவருடைய நாத்தனார் வெளியில் பெருமையாக, “எங்க அண்ணி பேங்க்ல இருக்காங்க” என்று சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி ஒருவர் வீட்டுக் கடன் கேட்டு வந்துவிட்டார். வேன் அக்கா அவரை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “எங்க பேங்க்ல பருப்பு இருக்கு, பால் பவுடர் இருக்கு. வட்டியே கிடையாது. வேணும்னா சனிக்கிழமை பையோட வாங்க” என்றார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அதே ஆள் நிஜமாகவே பையோடு வந்து நின்றபோது இருவருமே சிரிக்கவில்லை. வேன் அக்கா அவருடைய பையில் ஒரு டப்பா அதிகமாகப் போட்டார்.

மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அதற்கு அவரைத்தான் காட்ட வேண்டும். வீட்டுக்காரரோ அதிர்ந்து பேசத் தெரியாதவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தத்தை வைத்தே, “இன்னிக்கு யாரு கூட?” என்று கேட்பார். வேன் அக்கா சொல்லச் சொல்ல அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, “நீ கேட்டது சரிதான். கொஞ்சம் கத்தாம கேட்டிருக்கலாம்” என்பார். “கத்தாம கேட்டா அவங்களுக்குக் காது அடைச்சுக்குது” என்று பதில் வரும்.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. கிடங்கில் ஒரு நாள் நின்றால் போதும், நமக்கே வந்துவிடும். முன்பு டயர் கடையாக இருந்த கட்டடம் அது. எவ்வளவு கழுவினாலும் மழை நாளில் ரப்பர் வாடை எழும்பும். ஒரு பக்கம் இரும்பு அலமாரிகள், ஒரு பக்கம் இருமிக்கொண்டே ஓடுகிற குளிர் அறை, நடுவில் நீளமாக ஒரு பிரிக்கும் மேசை. கொடைக்குப் புண்ணியம் உண்டு என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டிலும் கடையிலும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதை இந்த மேசையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒரு முறை அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக ஒரு சரக்கு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால், உடம்பு இளைப்பதற்கான டீத்தூள். பசியோடு வருகிறவர்களுக்கு இளைக்கிற டீத்தூள். யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து யோசித்து, கையெழுத்துப் போட்டு, லாரி பிடித்து அனுப்பியிருக்கிறார்.

உணவு வங்கியை நடத்துகிற பெரியவர் அதற்கும் நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் கொடுத்தாலும், யார் கொடுத்தாலும், போனில் கூட எழுந்து நின்று நன்றி சொல்வார். கிடங்கில் அவருக்கு ‘நன்றி ஐயா’ என்றே பெயர். “ஐயா, இதுக்குமா நன்றி?” என்று வேன் அக்கா டீத்தூள் பெட்டியை உதைத்துக் கேட்டபோது, “இன்னிக்கு டீத்தூள் குடுத்தவன் நாளைக்கு அரிசி குடுப்பாம்மா” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. யாரையும் பகைத்துக்கொள்ள முடியாத வேலை அது. பகைத்தால் சனிக்கிழமை மேசை காலி.

சனிக்கிழமை வேன் அக்காவுக்கு ஓட்டுகிற வேலை இல்லை. ஆனாலும் வந்து வரிசையின் முனையில் நின்றுகொள்வார். உதவிக்கு வருகிற இளம்பெண்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். வேன் அக்கா அதைக் கேட்பதற்கு முன்னால், யாருக்கும் கேட்காத குரலில், “அடுப்பு இருக்கா?” என்று கேட்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கத்தத் தெரியாது. காரிலேயே படுத்துத் தூங்குகிற ஒரு மனிதருக்கு யாரோ அரிசியும் பச்சைப் பருப்பும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போய், மறுவாரம் அப்படியே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். வேகவைக்க வழியில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். அன்றிலிருந்து அடுப்பில்லாத பை என்று தனியாக ஒன்று கட்டப்படுகிறது. அதில் ரொட்டி, வாழைப்பழம், வேர்க்கடலை வெண்ணெய், கையாலேயே இழுத்துத் திறக்கிற டப்பா.

வரிசையில் நிற்பவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவர், முதியோர் இல்லத்தில் இரவு முழுவதும் கண் விழிக்கிறவர். எல்லாருக்கும் வேலை இருக்கிறது. சிலருக்கு இரண்டு வேலை. வேலை இருந்தும் வயிறு நிறையவில்லை என்பது யாருடைய வெட்கமோ, அதை இவர்கள் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். அந்த வரிசையில் பச்சைச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வருவாள். நெஞ்சில் இருக்கும் கடையின் பெயர் வெளியே தெரியக் கூடாதாம். ஊரிலேயே பெரிய கடை அது. உணவு வங்கிக்கு அதிகமாகச் சரக்குக் கொடுப்பதும் அதே கடைதான்.

அந்தக் கடையின் முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. ‘அண்டை வீட்டாரின் பசி எங்கள் பசி’ என்று எழுதி, கீழே ரொட்டியை நீட்டுகிற ஒரு கையையும் வாங்குகிற ஒரு கையையும் வரைந்திருக்கிறார்கள். நீட்டுகிற கையில் கடிகாரம் இருக்கிறது. வாங்குகிற கையில் ஒன்றும் இல்லை. வேன் அக்கா பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கியரை வேண்டுமென்றே உறுமவிட்டு மாற்றுவார்.

பின்பக்கம், சரக்கு ஏற்றி இறக்குகிற மேடையில், தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். நாள் முடிந்த ரொட்டியைக் கடையின் கணக்கிலிருந்து காலையிலேயே கழித்துவிடுவார்கள். அதை இனி விற்க முடியாது. ஆனாலும் கோட்டுக்கு உள்ளே இருக்கும்வரை அது கடையின் சொத்து. வேன் வந்த பிறகு கோட்டைத் தாண்டித் தள்ளி வைத்தால் உணவு வங்கியின் சொத்து. உள்ளே இருக்கும்போது ஊழியர் யாராவது ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாலும் திருட்டு. விட்டால் ஊழியர்கள் தங்களுக்கு வேண்டும் என்று நல்ல ரொட்டியை ஒளித்து வைத்துப் பழசாக்கிவிடுவார்களாம், அதற்காக இந்த விதியாம். நாள் முழுக்க அந்த ரொட்டியை அடுக்குகிறவர்களைப் பற்றி மேலிடம் வைத்திருக்கிற மதிப்பு இவ்வளவுதான்.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருகிற அந்தப் பெண்தான் அங்கே ரொட்டிப் பிரிவில் வேலை பார்க்கிறவள். முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேன் வரும்போது பெட்டிகளைக் கோட்டைத் தாண்டித் தள்ளிக் கொடுப்பது அவள் பொறுப்பு. பூப்போல வைப்பாள். கனமானது அடியில், நசுங்குவது மேலே. “இவ ஒருத்திதான் சாப்பிடுறவங்கள நினைச்சு அடுக்குறா” என்று வேன் அக்கா கிடங்கில் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கொண்டுபோகிற பை அவள் வீட்டில் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும் என்பது வேன் அக்காவுக்குத் தெரியும். அதனால் புதன்கிழமைகளில் பெட்டிகள் கோட்டைத் தாண்டியதும், எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு பாக்கெட்டை எடுத்து, “இந்தா தங்கச்சி, இது இப்ப எங்க சாமான், நான் குடுக்கிறேன்” என்று அவள் பையில் போடுவார். காமிராவும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

போன புதன்கிழமை வேன் அக்கா தாமதமாகப் போனார். காரணம் அதே கோபம்தான். அதற்கு முந்தைய கடையில், கொடுக்க ஒன்றும் இல்லை என்று கைவிரித்தார்கள். சரி என்று வண்டியைத் திருப்பும்போது மூக்கில் பினாயில் ஏறியது. இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். தொட்டி நிறைய ரொட்டி, பன், உறை பிரிக்காத கேக்கு. எல்லாவற்றின் மேலும் பினாயில் ஊற்றியிருந்தது. யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக, பாக்கெட்டைக் கிழித்து, நன்றாக நனையும்படி ஊற்றியிருந்தார்கள். சூப்பர்வைசர், “எடுத்துத் தின்னுட்டு வயித்து வலின்னு எங்க மேல கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது?” என்றார். “அப்ப பினாயில் ஊத்தினா வலிக்காதா?” என்று ஆரம்பித்த வேன் அக்கா, தெருவே கூடும்வரை நிறுத்தவில்லை. ஒரு சூப்பர்வைசரைத் திட்டித் தீர்ப்பதற்கு ஆகிற நேரத்தை அவர் அன்று மனதாரச் செலவழித்தார்.

பெரிய கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ரொட்டிப் பெண் இல்லை. பெட்டிகள் கோட்டுக்கு உள்ளேயே இருந்தன. வேறு யாரோ வந்து தள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து அழைத்துப் போகிற நேரம், பஸ் பிடித்துப் போயிருப்பாள் என்று வேன் அக்கா நினைத்துக்கொண்டார். இரண்டு பாக்கெட்டைத் தனியாக எடுத்து முன்சீட்டில் வைத்து, வழியில் எங்காவது அவளைப் பார்த்தால் கொடுக்கலாம் என்று பஸ் நிற்கிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

வெள்ளிக்கிழமையும் அவள் பின்வாசலில் இல்லை. பெட்டிகள் கோட்டுக்கு உள்ளே தாறுமாறாகக் கிடந்தன. காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். வேன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உள்ள உக்கார வெச்சிருக்காங்கக்கா. புதன்கிழமை நீங்க வரலைல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவளே ரெண்டு பாக்கெட் எடுத்துக்கிட்டா. காமிராவுல பாத்துட்டு கேட்டுல நிறுத்தச் சொன்னாங்க. நான்தான் பையத் திறந்தேன். திறக்கலைன்னா என் வேலை போயிடும்.”

வேன் அக்கா பால் சிந்திய பூட்சோடு, சரக்கு வாசல் வழியாக நேரே கடைக்குள் நடந்தார். பளபளவென்ற தரையில் வரிசையாக அழுக்குத் தடம் விழுந்தது. தான் மட்டும் அந்தச் சூப்பர்வைசரோடு அவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்காமல் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்து வந்து போனது. கத்தியதால் பினாயில் ரொட்டி திரும்பி வரவில்லை. இங்கே ஒருத்தி மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மேனேஜரின் அறையில் ஜன்னல் இல்லை. ரொட்டிப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மேசையின் மேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் தலைமை அலுவலகத்து அம்மா ஒருவர். லேப்டாப்புக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் மேல் தேதி எழுதி ஒட்டிய சீட்டு, உள்ளே புதன்கிழமை ரொட்டி இரண்டு பாக்கெட். திருட்டுக்குச் சாட்சி என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் பச்சைப் பூசணம் பூத்து, ஒரு மூலையில் கறுத்துவிட்டிருந்தது.

வேன் அக்கா அந்த உறையைத் தூக்கிப் பார்த்தார்.

“இது புதன்கிழமை நல்லாத்தான இருந்துச்சு?”

“மேடம், உக்காருங்க. என் கையில ஒண்ணும் இல்ல” என்றார் மேனேஜர். கழுத்து டையைத் தளர்த்தத் தெரியாத இளம் வயது.

“ரெண்டு புள்ளைங்க சாப்பிட்டிருக்கும். அத வாங்கி வெச்சு பூசணத்துக்குத் தின்னக் குடுத்திருக்கீங்க. உங்க ரூல்ல பூசணத்துக்குக் குடுக்க இடம் இருக்கு, புள்ளைங்களுக்குக் குடுக்க இடம் இல்லையா?”

மேனேஜர் லேப்டாப்பைப் பார்த்தார். தலைமை அலுவலகத்து அம்மாவுக்கு நல்ல குரல். கனிவாகப் பேசப் பழகிய குரல். “உங்க கோபம் புரியுது. உங்க சேவையை நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஒரே ஒரு கேள்விதான். புதன்கிழமை இந்த ரொட்டியை எடுத்துக்கச் சொல்லி இவங்களுக்கு நீங்க அனுமதி குடுத்திருந்தீங்களா?”

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். எப்படிப் பதில் சொன்னாலும் ஒரு பக்கம் வெட்டும். இல்லை என்றால் திருட்டு உறுதி, ரொட்டிப் பெண்ணுக்கு வேலை இன்றோடு போகும். திருடி என்ற பெயரோடு வேறு எந்தக் கடையும் சேர்க்காது. ஆமாம் என்றால், கோட்டுக்கு உள்ளே இருக்கிற கடைச் சொத்தை உணவு வங்கியின் டிரைவர் எடுத்துக்கொள்ளச் சொன்னதாக ஆகும். கடை இனி ஒரு பெட்டி கூடக் கொடுக்காது. பொய் சொல்வதில் வேன் அக்காவுக்குத் தயக்கம் கிடையாது. உண்மை, பொய் இரண்டில் எதைச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

நன்றி ஐயாவுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பக்கம் குளிர் அறையின் இருமல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

“அந்தக் கடை போச்சுன்னா சனிக்கிழமை பாதி மேசை காலிம்மா” என்றார் அவர்.

“தெரியும் ஐயா.”

“அந்தப் பொண்ணுக்கு ரெண்டு புள்ளைங்க இல்ல?”

“ஆமாங்கய்யா.”

மறுபடியும் இருமல். பிறகு, “நான் போனை எடுக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்கம்மா” என்று சொல்லி, நன்றி கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அதுவரை வாய் திறக்காத ரொட்டிப் பெண், வேன் அக்காவின் கையைத் தொட்டாள். “இல்லைன்னே சொல்லிடுங்கக்கா. நான் வேற வேலை தேடிக்கிறேன். அவங்க சரக்கு குடுக்கிறத நிறுத்திட்டா என்ன பண்றது? சனிக்கிழமை நானும் அங்கதான வந்து நிக்கணும்.”

மேனேஜர் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினார். தலைமை அலுவலகத்து அம்மா பேனாவை மூடித் திறந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் இதே ரொட்டியை இதே பெண்ணுக்கு, பலகை வைத்து, படம் எடுத்து, அண்டை வீட்டாரின் பசி என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்போது அவள் பாவப்பட்டவள். இந்தப் பக்கம் நின்று அவளே எடுத்துக்கொண்டால் திருடி. அவள் கையேந்த வேண்டும், அவ்வளவுதான் இவர்கள் கேட்பது. ரொட்டி இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் வேன் அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டிருக்கும். அன்று அவர் கதவுக்கு வெளியே, சரக்கு மேடைப் பக்கம் பார்த்தார்.

“பதில் சொல்லலையே” என்றது லேப்டாப்.

“பின்னாடி வாங்க, சொல்றேன்” என்று எழுந்தார் வேன் அக்கா.

மேனேஜர் என்ன செய்வதென்று தெரியாமல், லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினார். திரையில் தலைமை அலுவலகத்து அம்மா சோப்பு அலமாரிகளையும் விளக்குகளையும் தாண்டி ஆடி ஆடி வந்தார். ரொட்டிப் பெண் பையைக் கட்டிக்கொண்டு கடைசியாக வந்தாள். சரக்கு மேடையில் காவலாளி எழுந்து நின்றார்.

வேன் அக்கா மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் உள்பக்கமே நின்றார். அங்கே கிடந்த பெட்டிகளில் மேலாக இருந்ததிலிருந்து ஒரு ரொட்டிப் பாக்கெட்டை எடுத்தார். பழக்கதோஷத்தில் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். நல்ல ரொட்டி. உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

“மேடம், அது இன்னும் எங்களோடது” என்றார் மேனேஜர்.

“தெரியும் தம்பி.”

“மேல காமிரா ஓடுது மேடம்.”

“ஓடட்டும். அதுக்குத்தான் இங்க வந்தேன்.”

“நீங்க இப்படிப் பண்ணினா நான் எழுதித்தான் ஆகணும். சரக்கையே நிறுத்திடுவாங்க மேடம்.”

“எழுதிக்குங்க. அவ எடுத்தா, நானும் எடுத்தேன். திருட்டுன்னா ரெண்டு பேரையும் சேத்து போலீசுக்கு அனுப்புங்க. இல்லைன்னா ரெண்டு பேரையும் விடுங்க. உங்க கேள்விக்கு இதுதான் பதில்.” ரொட்டிப் பெண்ணின் பக்கம் திரும்பி, “சனிக்கிழமை மேசையப் பத்தி நீ கவலைப்படாத தங்கச்சி. அதுக்கு நான் ஊரெல்லாம் அலையறேன்” என்றார்.

ஒரு துண்டை உருவி, பெரிதாக ஒரு கடி கடித்தார். அவசரப்படாமல் மென்றார். லேப்டாப்பில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விழுங்கி முடித்ததும், தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிற காமிராவைத் தேடிக் கண்டுபிடித்து, குள்ளமான உடம்பை நுனிக்காலில் எக்கி, பல் பதிந்த இடம் நன்றாகத் தெரியும்படி அந்தத் துண்டை அதன் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.